ஜெர்மனியில் முதல் மாதம்: பெயர், தபால்பெட்டி, இட்லி மாவு

பெட்டி கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு முதலில்: நெய், பால்கோவா இரண்டையும் வெளியே எடுத்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய் என்றெல்லாம் சுங்கத்தில் எடுபடாது. பச்சைக் கறிவேப்பிலையும் 2019 டிசம்பரிலிருந்து தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே வராது. தேங்காய்க்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. கருவாடு 20 கிலோ வரை சட்டப்படியே வரலாம்; விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன சொல்வார் என்பது உங்கள் பாடு. மிக்ஸி தாராளமாக வரட்டும். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மூன்று முள் பிளக் மட்டும் சுவரில் நுழையாது. எர்த் தொடர்புள்ள அடாப்டர் வாங்குங்கள்.

வீடு பார்க்கும்போது விளம்பரத்தில் 'இ-பி-கே' (EBK) என்ற மூன்றெழுத்து இருக்கிறதா பாருங்கள். சமையலறை சாமான் பொருத்தப்பட்ட வீடு என்று அர்த்தம். இல்லையென்றால் சிங்க்கூட இல்லாமல் குழாய் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கலாம். கூரையில் விளக்குக்குப் பதில் ஒயர் தொங்கும். வீட்டுக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள், ஊர் வழக்கமே அதுதான். முன்பணம் 'குளிர் வாடகை'யில், அதாவது சூடேற்றல் முதலிய செலவுகள் சேராத வாடகையில், மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு.

இனி பெயர் விஷயம். நம்மவர் அதிகம் மாட்டுவது இங்கேதான்.

குடியேறி 14 நாளுக்குள் முகவரியைப் பதிய வேண்டும், ஆன்மெல்டுங் என்பார்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. 'இவர் இந்தத் தேதியில் இங்கே குடிவந்தார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தனித்தாள் வேண்டும். சாவி வாங்கும் அன்றே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பெரிய நகரங்களில் பதிவு அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. யாராவது ரத்து செய்த நேரம் இணையத்தில் திரும்ப வரும், அடிக்கடி பார்த்துக்கொண்டே இருங்கள்.

நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், இங்கே நீங்கள் 'ஹெர் சுப்பிரமணியம்', அதாவது திரு. சுப்பிரமணியம். டாக்டர் வீட்டு வரவேற்பில் அப்பாவைக் கூப்பிடுகிறார்களே என்று உட்கார்ந்திருக்காதீர்கள், எழுந்து போங்கள்! வாடகை ஒப்பந்தம், வங்கி, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். ஓர் இடத்தில் இனிஷியல், ஓர் இடத்தில் முழுப்பெயர் என்று வேண்டாம்.

அந்தப் பெயரைத் தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் அன்றைக்கே ஒட்டுங்கள். இங்கே முகவரியில் கட்டட எண் இருக்கும், உள்ளே எந்த வீடு என்ற எண்ணைப் பொதுவாக எழுதுவதில்லை, தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெட்டியில் பெயர் இல்லையென்றால் 11 இலக்க வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் சத்தமில்லாமல் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். வரி எண் நீங்கள் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குக் கிடைக்காவிட்டால், மிகக் கூடுதலாகப் பிடிக்கும் ஆறாம் வரி வகுப்பில் உங்களை வைத்துச் சம்பளத்தில் கைவைக்க நேரும். பிறகு திரும்பக் கிடைக்கும், ஆனால் முதல் மாதத்தில்தானே காசு வேண்டும்.

மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு வரும் கடிதத்தை மோசடி என்று கிழித்துப்போடாதீர்கள். டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். கணக்கு வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு அல்ல; கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினால் போதும்.

— சமையலறைக்கு

ஊரிலிருந்து குக்கர் கொண்டுவருகிறவர்கள் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. வெறும் கண்ணாடி மின் அடுப்பென்றால் அலுமினியமும் ஓடும். ஆனால் அணைத்த பிறகும் அதில் சூடு நிற்கும். பால் பொங்கினால் பாத்திரத்தை நகர்த்துங்கள், பொத்தானை நம்பாதீர்கள்.

தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்துங்கள். புகை அலாரம் பெரும்பாலும் வீட்டுக்குள் நடைபாதைக் கூரையில் இருக்கும், காய்ந்த மிளகாய்ப் புகை அங்கே எட்டினால் மாடி முழுக்கக் கேட்கும். இட்லி அவித்ததும் ஜன்னலை முழுதாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம் வைத்துவிட்டு மூடுங்கள். நாள் முழுக்க மேல்பக்கம் மட்டும் சாய்த்துத் திறந்து வைத்தால் ஓரச் சுவர் குளிர்ந்து, ஆவி அங்கே படிந்து, பூஞ்சை கருப்பாகப் பிடிக்கும். வீட்டைக் காலி செய்யும்போது அது முன்பணத்தில்தான் வந்து நிற்கும்.

குளிர்காலத்தில் மாவு புளிக்க, ஓவனில் சூடு போடாமல் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள். 10, 12 மணி நேரம் ஆகும். பாத்திரத்தில் பாதி காலியாக இருக்கட்டும், அடியில் ஒரு தட்டு. ஓவன் கதவில் 'உள்ளே மாவு' என்று சீட்டு ஒட்டுங்கள். இதைச் சிரித்துவிட்டு விட்டவர்கள் வீட்டில்தான் யாராவது பீட்சாவுக்கு 220 டிகிரி வைப்பார்கள்.

— கடைக்கு

பொன்னி அரிசியும் உளுந்தும் பெரும்பாலும் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். அங்கே 'மிளகாய்த்தூள்' என்று கேட்டால் மல்லி, சீரகம் எல்லாம் வறுத்துச் சேர்த்த யாழ்ப்பாணத் தூள் கைக்கு வரலாம். மீன் குழம்புக்கு அருமை, சாம்பாரில் போட்டால் சாம்பார் நிறமே மாறிவிடும். தனி மிளகாய்த்தூள் என்று சொல்லிக் கேளுங்கள். சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள், ஞாயிறு கடை கிடையாது.