பாஸ் படகில் லூர் டப்பாக்கள்: துரு ஏறுகிறது, புழு உருகுகிறது, தேடினால் கிடைப்பதில்லை. உதவி வேண்டும்

டாலஸ் தூண்டில்:
எல்லோருக்கும் வணக்கம். போன வருஷம் பாஸ் மீன் பிடிக்கும் பழைய 18 அடி படகு ஒன்று வாங்கினேன், மாதம் இரண்டு தடவை டெக்ஸாஸில் இருக்கும் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போகிறேன். மீன் விஷயத்தில் குறை இல்லை, லூர்களை, அதாவது மீனைக் கவரும் செயற்கை இரைகளை, ஒழுங்காக வைத்துக்கொள்வதில்தான் திணறுகிறேன். முன் டெக்குக்கு அடியில் இருக்கும் அறையில் 3700 என்ற பெரிய அளவு டப்பா ஆறு வைத்திருக்கிறேன். எல்லாமே விளிம்பில் ரப்பர் வைத்து நாலு பக்கமும் பூட்டும் ரகம், தண்ணீர் புகாது என்று நம்பித்தான் வாங்கினேன். ஆனால் போன சனிக்கிழமை கிராங்க்பெய்ட் (இழுக்கும்போது மூழ்கி ஓடும் மீன் வடிவ லூர்) டப்பாவைத் திறந்தால் பாதி ட்ரெபிள் ஹூக்கில், அதாவது மும்முனைக் கொக்கியில், துரு. வெள்ளை நிற லூர் ஒன்றின் வயிற்றில் கொக்கி படிந்த இடம் அப்படியே பழுப்பாக அச்சு விழுந்திருக்கிறது.

அடுத்தது பிளாஸ்டிக் புழு, மெத்தென்ற புழு வடிவ லூர். நிறவாரியாகப் பிரித்து ஒரு டப்பாவில் அடுக்கி வைத்தேன், பார்க்கவே அழகாக இருந்தது. இப்போது ஒரு மூலையில் நாலைந்து புழு சேர்ந்து கூழாகி டப்பாவின் அடியோடு ஒட்டிக்கொண்டது, விரலால் தொட்டால் பசை மாதிரி இழுக்கிறது.

மூன்றாவது, மீன் மேலே வந்து துள்ளுகிற நேரத்தில் எனக்கு வேண்டியது எந்த டப்பாவில் என்று தெரியாமல் நாலைத் திறந்து மூடுகிறேன், அதற்குள் மீன் போய்விடுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கான்ரோ கரை:
தம்பி, பதில் சொல்வதற்கு முன் நாலு கேள்வி. மாற்றிய லூரை உடனே டப்பாவில் போடுகிறீர்களா, காய வைத்தா? படகு கராஜிலா, வெளியிலா? புழுக்களை வாங்கிய பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டீர்களா? எல்லாம் ஒரே ரகமா, அல்லது நன்றாக இழுபடும் ரகமும் கலந்திருக்கிறதா?

டாலஸ் தூண்டில்:
அண்ணா, லூரைக் கழற்றியதும் அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிடுவேன், கீழே கிடந்தால் காலில் குத்தும் என்று பயம். படகு வீட்டுக்கு வெளியே, தார்ப்பாய் போட்டு நிற்கிறது. பாக்கெட் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டாயிற்று. இழுபடும் ரகம் இரண்டு மூன்று வாங்கினேன், ஆமாம், அதே டப்பாவில்தான் போட்டேன்.

கான்ரோ கரை:
அப்படியென்றால் துருவுக்குக் காரணம் பாதி தெரிந்துவிட்டது. தண்ணீர் உள்ளே போகாத டப்பா, உள்ளே போன தண்ணீரை வெளியேயும் விடாது. ஒரே ஒரு ஈர லூர் போதும். டெக்ஸாஸ் வெயிலில் அந்த அறை பகலில் அடுப்பு மாதிரி இருக்கும், லூரில் இருந்த ஈரம் ஆவியாகி டப்பா முழுவதும் பரவும். ராத்திரி குளிர்ந்ததும் அதே ஈரம் நீங்கள் தொடவே தொடாத புது லூர்களின் கொக்கிகளிலும் வந்து படியும். அதனால்தான் பயன்படுத்தாததும் துருப்பிடிக்கிறது. சாதாரண மூடி உள்ள டப்பாவாக இருந்தால் ஓரளவு காய்ந்தாவது போயிருக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். டெக்கில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை ஒன்று வையுங்கள். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கிய எந்த லூரும் டப்பாவுக்குப் போகக்கூடாது, கூடைக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கூடையை கராஜில் ஒரு ராத்திரி விடுங்கள், மறுநாள் காய்ந்த பிறகு அதனதன் இடத்தில் வையுங்கள். டப்பாவுக்கு ஒன்றாக சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நிறம் மாறும் ரகமாகப் பார்த்து வாங்கினால் ஆரஞ்சு மணி பச்சையானதும் ஈரம் நிறைந்தது தெரிந்துவிடும், ஓவனில் 250 ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப வேலை செய்யும். ஆனால் ஈர லூரைப் போட்டுவிட்டு ஜெல் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள், அந்தச் சின்னப் பொட்டலத்தால் அவ்வளவு தண்ணீரைத் தாங்க முடியாது.

இன்னொன்று, அறைக்குள்ளேயே தண்ணீர் இறங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டப்பாக்களை எடுத்துவிட்டு உள்ளே காய்ந்த செய்தித்தாளை விரித்து, மூடியை மூடி, மேலே பத்து நிமிஷம் ஹோஸ் பிடியுங்கள். எந்தப் பக்கத் தாள் நனைந்திருக்கிறதோ அந்தப் பக்கத்து ரப்பரில்தான் கோளாறு.

ஜிக் பிரியன்:
புழு விஷயத்தை நான் சொல்கிறேன், இதில் எனக்கு நிறைய நஷ்டம். பிளாஸ்டிக் புழு மெத்தென்று இருப்பதற்கு உள்ளே எண்ணெய் மாதிரி ஒரு பொருள் கலந்திருக்கிறார்கள். அது மெதுவாக வெளியே கசிந்து கடின பிளாஸ்டிக்கையும் பெயின்ட்டையும் இளக்கும். சில டப்பாக்கள் அதைத் தாங்கும்படி செய்தவை, எல்லாம் அப்படி இல்லை. அதைவிட முக்கியம், அந்த இழுபடும் ரகம் வேறு பொருள். சாதாரண புழுவோடு உரசினால் இரண்டும் சேர்ந்து உருகிவிடும், உங்கள் டப்பா மூலையில் நடந்தது அதுதான். எவ்வளவு அழகாக அடுக்கினாலும் அந்த இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது.

புழுக்கள் வாங்கிய பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பாக்கெட்டுகளைப் பெரிய ஜிப் பையில் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள், மேல் ஓரத்தில் பெயர் தெரியும். நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏறுவதும் நிற்கும். உப்பு போட்ட புழுக்கள் உண்டல்லவா, அவற்றைக் கொக்கி இருக்கும் டப்பா பக்கமே கொண்டுபோகாதீர்கள், உப்பு ஈரத்தை இழுக்கும். ஜிக்கின் (எடைத் தலையும் இழைப் பாவாடையும் உள்ள கொக்கி) பின்னால் மாட்டிய பிளாஸ்டிக் வாலையும் அன்றன்றே கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே ஒரு வாரம் வெயிலில் விட்டால் ஜிக்கின் பாவாடை இழைகளோடு ஒட்டிக்கொள்ளும்.

ஏரி ஞாயிறு:
மேலே இருவரும் சொன்னது சரி, மூன்றாவது சிக்கலுக்கு என் வழி. டப்பாவை லூர் வகை பார்த்தோ கம்பெனி பார்த்தோ பிரிக்காதீர்கள், ஆழம் பார்த்துப் பிரியுங்கள். ஐந்தடி வரை ஓடுவது ஒரு டப்பா, ஆறு முதல் பத்தடி ஒன்று, அதற்குக் கீழே போவது ஒன்று. படகில் நிற்கும்போது நாம் யோசிப்பதே மீன் எத்தனை அடியில் நிற்கிறது என்றுதானே. கொக்கி, எடை, சுழலி எல்லாம் தனியாகச் சின்ன 3600 டப்பாவில். பெயரை மூடியின் மேல் எழுதிப் பிரயோஜனம் இல்லை, அடுக்கிய பிறகு மேல்பக்கம் தெரியாது, உங்களைப் பார்க்கும் விளிம்பில் ஒட்டுங்கள்.

அப்புறம் ஆறையும் தூக்கிப் போகாதீர்கள். பிப்ரவரி கடைசியில் ஃபோர்க்கில் சிவப்பு லிப்லெஸ்ஸும் (முன்னால் உதடு இல்லாத கிராங்க்பெய்ட்) ஜிக்கும் வேண்டும், ஆழத்தில் ஓடும் பெரிய கிராங்க்பெய்ட் அன்று எதற்கு? முதல்நாள் ராத்திரி யோசித்து ஒரு டப்பாவில் இருபது லூர் எடுத்து வைத்துக்கொண்டால் நாள் முழுக்க அதிலேயே போய்விடும். மற்றவை கராஜில் இருக்கட்டும், வெயிலும் படாது. இடுக்கியும் அளவுப் பலகையும் மட்டும் எந்த அறைக்குள்ளும் போகக்கூடாது. ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கு மேலும் 24 அங்குலத்துக்குக் கீழும் இருக்கும் பாஸைத் திரும்ப விட வேண்டும். மீன் கையில் துடிக்கும்போது பலகையைத் தேடினால் அதற்குத்தான் கஷ்டம்.

கான்ரோ கரை:
இருபது எனக்குப் போதாது. காற்று திசை மாறினால் திட்டமே மாறிவிடும், ஆழத்துக்கு ஒரு டப்பாவாவது கூட எடுத்துப் போவேன். மற்றபடி ஒத்துக்கொள்கிறேன்.

டாலஸ் தூண்டில்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். செய்தித்தாள் சோதனையில் மூடியின் கீல் பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ரப்பர் தட்டையாகிவிட்டது உண்மைதான், ஆனால் பெரிய காரணம் வேறு. மூடியைச் சுற்றி ஓடும் வாய்க்காலில் தண்ணீர் வடியும் ஓட்டை இருக்கிறது, அதில் பைன் ஊசியிலைகள் மண்ணோடு சேர்ந்து அடைத்திருந்தது. கம்பியால் குத்தி எடுத்தேன், ஒரு கைப்பிடி வந்தது. புது ரப்பர் பட்டை ஒட்டி மறுபடி ஹோஸ் பிடித்தேன், தாள் காய்ந்தே இருந்தது.

கூடைப் பழக்கம் வந்துவிட்டது, புழுக்கள் புது பாக்கெட்டில். ஆழ முறைப்படி அடுக்கியதில் போன வாரம் ஒரு தடவைகூட இரண்டாவது டப்பாவைத் திறக்கவில்லை. கடைசியாக ஒரு சந்தேகம்: துருப்பிடித்த கொக்கிகளைத் தேய்த்துப் பயன்படுத்தலாமா, மாற்றிவிட வேண்டுமா?

ஜிக் பிரியன்:
மேலோட்டமான கறை என்றால் துடைத்துவிட்டு, முனையை விரல் நகத்தில் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மாற்றுங்கள், நகத்தில் பிடித்தால் இன்னும் ஓடும். முனையில் குழி விழுந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். மாற்றும்போது வளையம் பிரிக்கும் இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள், நகத்தால் பிரிக்கப் போனால் நகம்தான் போகும். பழைய கொக்கியின் அதே அளவு, அதே கம்பித் தடிமன். தண்ணீருக்கு நடுவில் அசையாமல் நிற்கும் ஜெர்க்பெய்ட்டில் இது ரொம்ப முக்கியம், கொக்கி கொஞ்சம் கனமானாலும் நிற்காமல் மூழ்க ஆரம்பித்துவிடும். மாற்றியதும் வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.

டாலஸ் தூண்டில்:
நகச் சோதனை செய்தேன், பதினொன்றை மாற்ற வேண்டும். இடுக்கிக்கு ஆர்டர் போட்டாயிற்று. எல்லோருக்கும் நன்றி அண்ணா.