மறுமொழி: வடக்கு நோக்கிய ஆளி, தெற்கு நோக்கிய ஆளி – ஏற்ற தமிழ்ச்சொல் எது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இயந்திர விசைப்பலகைகளில் ஒவ்வொரு விசையின் அடியிலும் உள்ள ஆளிகள் (switch) பொருத்தப்படும் திசையைக் குறிக்க இந்த இழையில் மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. செங்கோட்டை நண்பர் முதல் மடலில் ‘வடக்கு நோக்கிய ஆளி, தெற்கு நோக்கிய ஆளி’ என்று எழுதினார். ஆந்திரத்துக் குப்பம் ஊரின் ஆசிரியர் ஐயா அதைச் சுருக்கி ‘வடவாசல், தென்வாசல்’ என்றார். நாகர்கோவில் அம்மையார் திசையையே விட்டுவிட்டு ‘மேலொளி, கீழொளி’ என்றார். என் பரிந்துரை ‘அப்புறவொளி, இப்புறவொளி’ என்பது. இவற்றுள் எது பொருந்தும் என்று பார்ப்பதற்கு முன், அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன முடிவெடுக்கப் போகிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் முடிவெடுக்கப் போவது பெரும்பாலும் விசைமூடியை, அதாவது ஆளியின் மேல் செருகும் எழுத்துப் பொறித்த மூடியைப் பற்றித்தான்.

செர்ரி நிறுவனம் 1980-களின் முற்பாதியில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஆளியின் அமைப்பையே இன்று கேட்டரான், கெய்ல் முதலிய நிறுவனங்களும் பின்பற்றுகின்றன. அந்த ஆளியை மேலிருந்து பார்த்தால் நடுவில் கூட்டல்குறி வடிவத் தண்டும், ஒரு பக்கத்தில் உலோகத் தொடுதகடுகளை உள்ளடக்கிய கூடும், எதிர்ப்பக்கத்தில் எல்இடி விளக்கின் ஒளி மேலே வருவதற்கான இடைவெளியும் தெரியும். இந்த இடைவெளி தட்டச்சு செய்பவருக்கு அப்பால், திரையின் பக்கமாக இருந்தால் அதை வடக்கு என்றும், அவருடைய பக்கமாக இருந்தால் தெற்கு என்றும் ஆங்கிலத்தில் வழங்குகிறார்கள். ஆளியின் இரண்டு ஊசிக்கால்களுக்கான துளைகள் மின்சுற்றுப்பலகையில் ஒருபுறமாகவே இடப்பட்டிருப்பதால், வாங்கியவர் பிறகு ஆளியைத் திருப்பிச் செருக இயலாது. பலகையைச் செய்தவர் எடுத்த முடிவுக்கு ஏற்பவே விசைமூடியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விற்பனைக் குறிப்பில் இந்தச் சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் பணம் வீணாகும்.

இதில் இரண்டு விளைவுகள் உண்டு. முதலாவது, எழுத்தின் மீது விழும் ஒளி. நடுவில் தண்டு மறைப்பதால் விளக்கின் ஒளி மூடியின் பாதிக்கு நன்றாகவும் மறுபாதிக்கு மங்கலாகவும் போய்ச் சேருகிறது. ஆங்கில எழுத்து மட்டும் பொறித்த ஒளிபுகு மூடிகளில் எழுத்து வழக்கமாக மேற்பாதியில்தான் இருக்கும். கணினி விளையாட்டுகளுக்கென விற்கப்படும் பலகைகளில் விளக்கைத் திரையின் பக்கம் வைப்பதற்குக் காரணம் அதுவே. ஒளிபுகாத பிபிடி நெகிழியில் சாயமேற்றிய எழுத்துள்ள மூடிகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. விளக்கு எந்தப் பக்கம் இருந்தாலும் எழுத்தின் வழியே ஒளி வராது, மூடிகளின் இடுக்கில் மட்டும் தெரியும்.

இரண்டாவது விளைவு மூடி முட்டுவது. மூடிகளில் பல வடிவங்கள் உண்டு; அவற்றுள் ‘செர்ரி வடிவம்’ எனப்படும் மூடிகள் உயரம் குறைந்தவை. விளக்கு அப்பக்கம் இருந்தால் தொடுதகட்டுக் கூடு நம் பக்கம் வந்துவிடுகிறது. விசையை அடிவரை அழுத்தும்போது மூடியின் முன்சுவர் உட்புறத்தில் அந்தக் கூட்டின் மேல் விளிம்பில் போய் முட்டுகிறது. எம்எக்ஸ் ஆளியின் முழு நகர்வு 4 மில்லிமீட்டர். அதன் கடைசிச் சிறு பகுதி முட்டலில் போய்விடுவதால் அந்த விசையின் ஒலியும் விரலுக்குக் கிடைக்கும் உணர்வும் மற்ற விசைகளிலிருந்து வேறுபட்டுவிடும். ஓஇஎம், எஸ்ஏ போன்ற உயரமான மூடிகளில் இந்தத் தொல்லை இல்லை. தண்டு நீண்டு, நகர்வு மூன்றரை மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடும் ஆளிகளிலும் மூடி முட்டுவதற்கு முன்பே தண்டு தரையைத் தொட்டுவிடுகிறது. இவை இரண்டும் வேண்டாம், செர்ரி வடிவமே வேண்டும் என்பவர்களுக்கு விளக்கு நம் பக்கம் உள்ள பலகைதான் கவலையற்றது.

இதுவரை சொன்னது எந்த மொழிக்காரருக்கும் பொதுவானது. தமிழ் தட்டச்சு செய்பவருக்கு இது எப்படிக் கூடுதலாக உறைக்கும் என்பதை இவ்விழையில் யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முதன்மையாகத் தோன்றுகிறது.

இருமொழி மூடிகளில் ஆங்கிலம் மேலே, இந்திய மொழி எழுத்து கீழே என்பதே வழக்கமான அமைப்பு. கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்திலுள்ள எங்கள் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அக்ஷயா மையங்களிலும் (அரசு மின்சேவை மையங்கள்) அச்சுக்கோப்புக் கடைகளிலும் ஒரே நாளில் ஒரே பலகையில் மலையாள விண்ணப்பம், தமிழ்த் திருமண அழைப்பு, ஆங்கிலச் சான்றிதழ் என்று மூன்றும் அடிக்க நேரும். அத்தகைய பலகையில் விளக்கு அப்பக்கம் இருந்தால் ஆங்கிலம் மட்டும் சுடர்விடும். தமிழும் மலையாளமும் இருட்டில் கிடக்கும். ஒளிபுகு மூடியின் மேல் தமிழ் எழுத்து ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்பவர்களுக்கு அந்த ஆங்கில ஒளியும் இல்லை. தமிழ்99 தட்டச்சு முறையில் ‘ன’ ஆங்கில I விசையிலும் ‘ண’ P விசையிலும் இருக்கின்றன. இடையே ஒரு விசைதான். மங்கிய ஒளியில் இரண்டு சுழியா மூன்று சுழியா என்று குனிந்து பார்க்க வேண்டியிருப்பது புதிதாகக் கற்பவருக்கு எரிச்சலூட்டும்.

முட்டலும் அப்படியே. செர்ரி வடிவத்தில் முட்டல் பெரிதும் தெரிவது விரல்கள் தங்கும் நடுவரிசையில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 முறையில் அந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: இடக்கையில் அ, இ, உ, புள்ளி, எ, வலக்கையில் க, ப, ம, த, ந, ய. தமிழில் மிகுதியாகப் புழங்கும் எழுத்துகள் எளிதில் எட்ட வேண்டும் என்றுதான் அவற்றை அங்கே வைத்தார்கள். விரலை அடையாளம் காட்டும் மேடு பொறித்த எஃப் விசையில் புள்ளி அமர்ந்திருக்கிறது. மெய்யெழுத்து வரும்போதெல்லாம் பெரும்பாலும் அதை அழுத்துகிறோம். கேரளப் பள்ளிகளில் மலையாளத்துக்குக் கற்றுத்தரும் இன்ஸ்கிரிப்ட் முறையிலும் க, த, ப, ர ஆகிய எழுத்துகளும் சந்திரக்கலையும் (நம் புள்ளி போன்ற மலையாளக் குறி) இதே வரிசையில்தான் உள்ளன. முட்டும் வரிசையும் நாம் மிகுதியாக அழுத்தும் வரிசையும் ஒன்றாக இருக்கும்போது, அதைச் சிறு குறை என்று தள்ளிவிட முடியாது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

‘வடக்கு நோக்கிய’ என்பதில் இலக்கணக் குறை ஏதுமில்லை. நிலப்படத்தில் வடக்கு மேலே இருக்கும் என்ற வழக்கத்தை மேசைமேல் கிடக்கும் ஒரு பொருளுக்கு ஏற்றிச் சொல்வதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. எல்லைப்புறத்தில் வாழ்பவர்களுக்குத் திசை என்பது காலடியில் உள்ள ஒன்று. எங்களுக்குக் கிழக்கு என்றால் தமிழ்நாட்டு எல்லை, மேற்கு என்றால் பாலக்காட்டு நகரம். கிழக்குப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரிடம் ‘வடக்கு நோக்கிய ஆளி’ என்றால் அவருடைய இடக்கைப் பக்கத்தைத்தான் நினைப்பார். ‘நோக்கிய’ என்பதிலும் ஓர் ஐயம் எழுகிறது: ஆளிக்கு முகம் எது? தொடுதகடு உள்ள பக்கமா, விளக்கு உள்ள பக்கமா? அறிந்தவருக்கு ஐயமில்லை, ஆனால் கலைச்சொல் அறியாதவருக்காகவும் அல்லவா?

குப்பத்து ஆசிரியர் ஐயாவின் ‘வாசல்’ இந்த இரண்டாவது ஐயத்தை அழகாகத் தீர்த்துவிடுகிறது. தெற்குப் பார்த்த வீடு என்றால் தலைவாசல் தெற்கே என்று எவரும் அறிவர். அதுபோல ஒளி வெளிவரும் வாசல் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். தனிச்சொல்லாகப் பார்த்தால் இந்த இழையில் வந்தவற்றுள் இதுவே சுவையானது என்பேன். ஆனால் வடக்கும் தெற்கும் அதில் அப்படியே தங்கிவிடுகின்றன.

‘மேலொளி, கீழொளி’ குறித்து நாகர்கோவில் அம்மையாரிடம் ஒரு கேள்வி. பல பலகைகளில் அடிப்பகுதியிலிருந்து மேசைமேல் ஒளி பரப்பும் விளக்குகள் தனியாக உண்டு. அதைக் ‘கீழொளி’ என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது? தவிர, நம்மில் பலர் ‘மேக்கால, கீக்கால’ என்று மேற்கையும் கிழக்கையும் சொல்பவர்கள். திசையைத் தவிர்க்கப் போய் வேறு திசையில் சிக்கிக்கொள்வோம். ‘முன்னொளி, பின்னொளி’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். ‘பின்னொளி’ ஏற்கெனவே விசைகளின் அடியிலிருந்து வரும் ஒளி முழுவதற்கும் வழங்கிவிட்டதால் அதை எடுக்க முடியாது.

தட்டச்சு செய்பவர் இருக்கும் பக்கம், அவருக்கு அப்பாலுள்ள பக்கம் என்ற வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. இகரம் அண்மைச்சுட்டு, அகரம் சேய்மைச்சுட்டு. இந்தச் சுட்டுகளை வைத்தே விளக்கு நம் பக்கம் இருந்தால் ‘இப்புறவொளி ஆளி’, திரையின் பக்கம் இருந்தால் ‘அப்புறவொளி ஆளி’ என்கிறேன். மேசையை எப்படித் திருப்பினாலும் இப்புறம் இப்புறமே. பேச்சுவழக்கில் ‘அப்புறம்’ என்பது ‘பிறகு’ என்ற பொருளில் வருவதைச் சிலர் தடையாகக் காட்டக்கூடும். அது தனித்து நின்று வினையைத் தழுவும்போது வரும் பொருள். ‘ஒளி’யோடு தொகையாகிவிட்டபின் அவ்வாறு மயங்க இடமில்லை. அதையும் மீறித் தயங்குபவர்கள் ‘அப்பக்கவொளி, இப்பக்கவொளி’ என்று எழுதலாம். எனக்கு மறுப்பில்லை, நாவுக்குச் சற்றே கனமாக இருக்கிறது என்பதைத் தவிர.

‘அண்மையொளி, சேய்மையொளி’ என்றும் எண்ணிப் பார்த்தேன். படிக்க மிடுக்காக இருந்தாலும், வண்டியின் முன்விளக்கு எவ்வளவு தூரம் எட்டும் என்று சொல்வதுபோல் பொருள் திரும்பிவிடுகிறது.

எல்லைப்புறத்துக்காரன் என்ற முறையில் இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். மலையாளத்தில் ‘இப்புறம், அப்புறம்’ என்பன இன்றும் இடத்தையே குறிக்கும் அன்றாடச் சொற்கள். தெலுங்கில் ‘இவதல, அவதல’ என்பவற்றிலும் அதே இகர அகரச் சுட்டுகள் உள்ளன. பாலக்காட்டுக் கடையிலோ குப்பத்துக் கடையிலோ தமிழில் எழுதிய சீட்டை நீட்டினால், கடைக்காரருக்குப் பாதியாவது புரியும்.

முட்டலுக்கும் ஒரு சொல் முடிவாக வேண்டும். ‘குறுக்கீடு’ என்று முதல் மடலில் இருந்தது. அது வானொலி அலைகள் ஒன்றையொன்று கெடுப்பதற்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல்; மூடி கூட்டில் இடிப்பதற்கு அது தொலைவாக நிற்கிறது. ‘தட்டல்’ என்றால் தட்டச்சோடு குழம்பும். ‘மூடிமுட்டல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று கருதுகிறேன். ‘அப்புறவொளிப் பலகையில் செர்ரி வடிவ மூடி இட்டால் நடுவரிசையில் மூடிமுட்டல் வரும்’ என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட முடிகிறதா என்பதே நான் வைத்துக்கொண்ட சோதனை, முடிகிறது.

‘ஆளி’ என்பதை மீண்டும் கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இலங்கைத் தமிழில் நெடுங்காலமாக உள்ள சொல். ஆளிவிதையோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். உண்மையில் நமக்குத் தொல்லை தருவது ‘விசை’தான். செர்ரியின் சிவப்பு ஆளி இயங்க 45 சென்டிநியூட்டன் தேவை என்பதை எழுதப் போனால், ‘விசையை அழுத்தத் தேவையான விசை’ என்று வந்து நிற்கிறது. அந்த இடத்தில் ‘அழுத்தம்’ என்று எழுதினால் இயற்பியல் ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘அழுத்துவிசை’ என்று சேர்த்து எழுதி நான் இப்போதைக்குத் தப்பித்துக்கொள்கிறேன். இதற்கெனத் தனி இழை தொடங்குவது நல்லது.

ஒன்று மட்டும் எனக்கு முடிவாகவில்லை. எழுத்தை மூடியின் மேற்பரப்பில் இடாமல், நம்மை நோக்கிய சாய்வான பக்கத்தில் இடும் மூடிகள் இப்போது கிடைக்கின்றன. இப்புறவொளிப் பலகையில் அந்த எழுத்துக்கு நல்ல ஒளி கிடைக்கிறது. தமிழை அங்கே இட்டு, மேற்பரப்பை ஆங்கிலத்துக்கு விட்டுவிடலாம் என்பதால் நமக்கு இவை மிகவும் பயன்படும். இவற்றை ‘முன்சுவர் எழுத்து மூடி’ என்று எழுதிவருகிறேன், ஆனால் ‘சுவர்’ என்பது மூடிக்குச் சற்றுப் பெரிய சொல்லாகத் தோன்றுகிறது. நாகர்கோவில் அம்மையார் இதற்கு ஏதேனும் வைத்திருந்தால் தெரிவிக்கவும். குப்பத்து ஆசிரியர் ஐயா ‘இவதல, அவதல’ குறித்து நான் எழுதியதைத் தெலுங்கர் காதால் ஒருமுறை கேட்டுச் சொன்னால், சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து