ஃபயர்வால் லாக்ல தெரியாத கனெக்‌ஷன் வரி வந்தவங்க, என்னன்னு கண்டுபிடிச்சீங்கன்னு சொல்லுங்க

வீட்டு லேப்டாப்ல உபுண்டு போட்டு ஃபயர்வாலை ஆன் பண்ணேன், மறுநாள் கெர்னல் லாக்கை, அதாவது சிஸ்டம் தானா எழுதி வைக்கிற பதிவைத் திறந்தா வரிசையா 'யுஎஃப்டபிள்யூ பிளாக்'னு, உபுண்டுவோட ஃபயர்வால் தடுத்த வரியாக் கொட்டிக் கிடக்கு. வீட்ல பேங்க் வேலையெல்லாம் இதுலதான் நடக்குது, அதனால அப்படியே விட மனசு வரல, உட்கார்ந்து ஒரு வரியை எடுத்துப் பிரிச்சுப் பார்த்தேன். அனுப்புனது 192.168.1.1, நம்ம ரவுட்டரேதான். போற இடம் 224.0.0.1, புரோட்டோகால் 2. அந்த 2ன்னா ஐஜிஎம்பி, மல்டிகாஸ்ட் (ஒரே டேட்டாவைக் கேக்குற பல மெஷினுக்கு ஒண்ணா அனுப்புறது) யாருக்காவது வேணுமான்னு ரவுட்டர் வீட்ல இருக்குற எல்லா மெஷின்கிட்டயும் கேக்குறது, டீஃபால்ட்டா 125 செகண்டுக்கு ஒருக்கா கேக்கும், லாக்ல நேரத்தைக் கழிச்சுப் பார்த்தா அதே இடைவெளி. அதே வரியில மேக்னு (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) நீளமா ஒண்ணு இருக்கும்ல, அதுல முதல் ஆறு ஜோடி போய்ச் சேர்ற பக்கம், அடுத்த ஆறு ஜோடி அனுப்புன பக்கம். ரவுட்டர் அடியில ஒட்டியிருக்குற ஸ்டிக்கரோட ஒத்துப் பார்த்தேன், சரியா இருந்துச்சு.

இன்னொரு வகைதான் வயித்தைக் கலக்கும். வெளி ஐபி, அனுப்புன போர்ட் 443 (வெப்சைட்டுங்க பயன்படுத்துறது), வந்த போர்ட் ஐம்பதாயிரத்துச் சொச்சம். அதுல ஃபிளாக்கைப் பாருங்க, பாக்கெட் எதுக்கு வந்திருக்குன்னு சொல்ற குறி அது. சின் மட்டும் தனியா இருந்தா வெளியிலேர்ந்து புதுசா கனெக்‌ஷன் கேக்குறாங்கன்னு அர்த்தம். எனக்கு வந்ததெல்லாம் ஏக்கும் (கிடைச்சுதுங்கிற பதில்) ஃபின்னும் (முடிச்சுக்கலாம்), சிலது ஆர்எஸ்டி (உடனே வெட்டி விடுறது). பிரவுசர்ல டேபை மூடுனப்புறம் அந்த சைட்டோட சர்வர் லேட்டா அனுப்புன பாக்கெட்டு, அதுக்குள்ள ஃபயர்வால், நடப்புல இருக்குறதைக் குறிச்சு வைக்கிற தன் டேபிள்லேர்ந்து அந்த கனெக்‌ஷனைத் தூக்கிட்டதால தடுத்திருக்கு. வரி வரக்கூடாதுன்னா ஃபயர்வாலையே ஆஃப் பண்ணுன்னு தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார், தயவுசெஞ்சு யாரும் அதைப் பண்ணாதீங்க.

அண்ணா, எங்க ஆபீஸ்ல நடந்ததையும் சொல்றேன். புது சர்வர் ஒண்ணு வச்சோம், வச்ச அன்னைக்கே அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் கம்ப்யூட்டர் எல்லாம் அதோட யுடிபி 161 போர்ட்டைத் தட்டுதுன்னு லாக்ல வருது. எல்லா மெஷின்லயும் வைரஸ்னு ஒரே பரபரப்பு, ஃபார்மட் அடிக்கவே கிளம்பிட்டாங்க. 161ன்னா எஸ்என்எம்பி ஆச்சே, பிரிண்டர், சுவிட்ச் மாதிரி சாதனத்தோட நிலைமையைக் கேட்டுத் தெரிஞ்சுக்குற முறை, இதை யாரு நம்ம சர்வர்கிட்ட கேக்கப் போறான்னு எனக்கு உறுத்திட்டே இருந்துச்சு. ஒரு மெஷின்ல பிரிண்டர் பிராப்பர்ட்டீஸ் போய் போர்ட்ஸ் டேபைப் பார்த்தா, எப்பவோ தூக்கிப்போட்ட பிரிண்டரோட ஐபி அப்படியே இருக்கு, அதே ஐபியைத்தான் புது சர்வருக்குக் குடுத்திருக்காங்க! விண்டோஸ் பாவம் அந்தப் பிரிண்டர் உயிரோட இருக்கான்னு விசாரிச்சுட்டே இருந்திருக்கு. பழைய பிரிண்டரை எல்லாத்துலயும் டெலீட் பண்ணோம், லாக் அடங்கிடுச்சு.

கிளவுட்ல சர்வர் வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. எஸ்எஸ்ஹெச் (தூரத்துலேர்ந்து சர்வர்ல லாகின் பண்ற வழி) லாக்ல 'டிட் நாட் ரிசீவ் ஐடென்டிஃபிகேஷன் ஸ்ட்ரிங்'னு உள் ஐபிலேர்ந்தே சீரா வந்துட்டு இருந்தா முதல்ல லோட் பேலன்சரை (வர்ற வேலையைப் பல சர்வருக்குப் பிரிச்சுக் குடுக்குறது) பாருங்க ப்ரோ, எங்களுக்கு அதோட ஹெல்த் செக்தான், சர்வர் உயிரோட இருக்கான்னு எஸ்எஸ்ஹெச்சோட போர்ட் 22ஐத் திறந்து பார்த்துட்டு ஒண்ணும் பேசாம மூடிட்டுப் போகும். வெளி ஐபிலேர்ந்து 'ஃபெயில்டு பாஸ்வேர்டு' வர்றது பொது ஐபி இருக்குற எல்லாருக்கும் வரும், பாஸ்வேர்டு லாகினை எடுத்துட்டு கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா உங்க மெஷின்ல வச்சிருக்குற ரகசிய ஃபைல்) மட்டும் வச்சுக்கோங்க. ஆனா 'அக்செப்டட்'னு நீங்க லாகின் பண்ணாத நேரத்துல ஒரே ஒரு வரி இருந்தாலும் அன்னைக்கே சர்வரை நெட்லேர்ந்து கழட்டுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.