மகப்பேறு மருத்துவர் அல்லாதவர் கருக்கலைப்புப் பயிற்சி பெறலாமா?

கேள்வி: மலையடிவார மருத்துவர்

எம்.பி.பி.எஸ். முடித்து, குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்துவிட்டு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். நாள் தள்ளிப்போய் ஆறு, ஏழு வாரத்தில் வரும் பெண்களைப் பெரிய மருத்துவமனைக்கு எழுதி அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. அங்கே கணவர் கையெழுத்து கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். தோட்ட வேலைக்குப் போகும் பெண் கூலியை இழந்து மறுபடி பஸ் ஏறுவதற்குள் பத்து வாரம் தாண்டிவிடுகிறது. இதை நானே சட்டப்படி செய்ய வழி உண்டா? பயிற்சியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

பதில் 1: பழைய எம்.ஓ. (மருத்துவ அலுவலர்)

தாராளமாகச் செய்யலாம், டாக்டர். மகப்பேறு மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் எம்.டி.பி. சட்டம் (கருக்கலைப்புச் சட்டம்) சொல்லவே இல்லை. அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த பயிற்சி மையத்திலோ 25 கருக்கலைப்புகளில் உதவியாக நின்று, அவற்றில் ஐந்தையாவது தானே செய்த எம்.பி.பி.எஸ். மருத்துவர் 12 வாரம் வரை செய்யலாம் என்பது 2003 விதி. மாத்திரை முறைக்கு 2021 திருத்தம் இன்னும் எளிதாக்கிவிட்டது: ஒன்பது வாரம் வரை கொடுப்பதற்கு மகப்பேறுப் பிரிவில் மூன்று மாத அனுபவம் இருந்தாலே போதும், இல்லையென்றால் மேற்பார்வையில் பத்துப் பேருக்குக் கொடுத்திருக்க வேண்டும். குடும்ப மருத்துவம் படித்தபோது மகப்பேறுப் பிரிவில் எத்தனை மாதம் இருந்தீர்கள்? அதற்கு முதலில் சான்று வாங்கி வையுங்கள்.

கணவர் கையெழுத்து என்பது மருத்துவமனைகள் தாமாகச் சேர்த்துக்கொண்ட சடங்கு. 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் ஒன்றே போதும்.

பயிற்சிக்கு வருவோம். கையால் இயக்கும் உறிஞ்சு சிரிஞ்சைப் பிடிக்க இரண்டு நாளில் பழகிவிடும். எப்போது நிறுத்துவது என்பதுதான் வித்தை. இளஞ்சிவப்பு நுரை வரும், உள்ளே விடும் கேனுலா குழலின் நுனியில் சொரசொரப்புத் தட்டும், கருப்பை அதை இறுக்கிப் பிடிக்கும். அதன் பிறகும் சுரண்டிக்கொண்டிருப்பவர்கள் கரண்டியால் சுரண்டும் பழைய குரேட்டிங் கைப்பழக்கத்தை விடாதவர்கள். அந்தக் கரண்டியைக் கைவிடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எப்போதோ சொல்லிவிட்டது.

எடுத்ததை வடிகட்டியில் அலசி, தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தட்டில் போட்டு, அடியில் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். பஞ்சுபோல விரிந்து மிதக்கும் இழைகள் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்; கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் இருக்கலாம். பயிற்சிக் கூடத்தில் பலரும் இதற்குள் கை கழுவப் போய்விடுவார்கள். நீங்கள் தட்டருகிலேயே நில்லுங்கள்.

இன்னொன்று: மருத்துவக் கல்லூரிகளில் முதுநிலை மாணவர்கள் முன்னால் நிற்பார்கள், நாம் பின்வரிசையில் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். 25 என்ற கணக்கு கையெழுத்தில் நிரம்பிவிடும், கையில் நிரம்பாது. வாய்விட்டுக் கேளுங்கள். கூடவே உங்கள் ஸ்டாஃப் நர்ஸையும் அழைத்துப் போங்கள். கருவிகளைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆள் இல்லாமல் திரும்பினால் அந்த சிரிஞ்சு அலமாரியிலேயே கிடக்கும்.

பதில் 2: மயக்கவியல் மருத்துவர்

மயக்க மருந்து கொடுப்பவனாக ஒரு வார்த்தை. பன்னிரண்டு வாரத்துக்குள் உறிஞ்சி எடுக்கப் பெரும்பாலும் என்னைப் போன்றவர் தேவையே இல்லை. கருப்பைவாயைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஊசி, முன்கூட்டி ஒரு வலி மாத்திரை, பக்கத்தில் பேச்சுக் கொடுக்க ஒரு நர்ஸ் இருந்தால் போதும். ஊசியை இழுத்துப் பார்த்து, ரத்தம் வரவில்லை என்று தெரிந்த பிறகே மருந்தைச் செலுத்துங்கள். மொத்த அளவை உடல் எடைக்குக் கணக்கிடுங்கள். மயக்க மருத்துவர் வரட்டும் என்று வெறும் வயிற்றோடு பெண்களை மத்தியானம் வரை உட்கார வைப்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன். எரிச்சலாக இருக்கிறது.

கேட்டவர்: மலையடிவார மருத்துவர்

நன்றி மேடம், நன்றி சார். என் பயம் வேறு. பதினேழு வயதுப் பெண் வந்தால் சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பயந்தே அவர்கள் வராமல் போய்விடுவார்களே?

பதில் 3: பழைய எம்.ஓ.

தகவல் கொடுப்பது கட்டாயம்தான். ஆனால் 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் படியுங்கள். அந்தப் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குக் கொடுக்கும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று அதில் சொல்லியிருக்கிறது. சில பிரிவுப் பெண்களுக்குச் சட்டம் தரும் 24 வார வரம்பிலிருந்து மணமாகாதவர்களை ஒதுக்கக் கூடாது என்றதும் அதே தீர்ப்புதான். 18க்குக் கீழ் என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். தீர்ப்பின் நகலை மேசை இழுப்பறையில் வைத்திருங்கள். ஸ்டேஷனிலிருந்து யாராவது வந்து கருக்கலைப்புப் பதிவேட்டைக் கேட்டால் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டலாம். பதிவேடு ரகசிய ஆவணம், அதை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.