‘அதனால்’ என்ற சொல்லைச் சுழித்த சிவப்பு மை

மேல்நிலை வகுப்பில் வரலாற்றை நான் விரும்பியேதான் எடுத்தேன். முந்தைய வகுப்புகளில் ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கிப் பழகியிருந்ததால், இங்கும் அப்படியே படித்துவிடலாம் என்று நம்பினேன். முதல் கட்டுரை திருத்தப்பட்டுக் கைக்கு வரும்வரைதான் அந்த நம்பிக்கை நீடித்தது.

முதல் உலகப் போருக்கான காரணங்கள் என்பது தலைப்பு. கூட்டணிகள், ஆயுதப் போட்டி, காலனிகளுக்கான போட்டி, தேசியவாதம் என்று வரிசையாக விளக்கிவிட்டு, ‘1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார், அதனால் போர் மூண்டது’ என்று முடித்திருந்தேன். ஆசிரியர் ‘அதனால்’ என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் சுழித்து, ‘கொலை நடந்தது ஜூன் 28, செர்பியாமீது ஆஸ்திரியா போர் அறிவித்தது ஜூலை 28. இடைப்பட்ட ஒரு மாதத்தில் யார் என்ன செய்தார்கள்?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று மாலையே ஒரு தாளில் பென்சிலால் கோடு போட்டு, அந்த மாதத்தை நாள்வாரியாக எழுதத் தொடங்கினேன். ஜூலை முதல் வாரத்தில் ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையற்ற ஆதரவை உறுதியளிக்கிறது. 23ஆம் தேதி ஆஸ்திரியா 48 மணி நேரக் கெடுவுடன் செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்புகிறது. 25ஆம் தேதி செர்பியா பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணங்கிப் பதில் அளித்தும் அது போதாதென்று ஒதுக்கப்படுகிறது. 30ஆம் தேதி ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிடுகிறது. ஆகஸ்ட் 4 முடிவதற்குள் ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் மூன்றும் போருக்குள் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே, ‘வேறு என்ன செய்திருக்கலாம்?’ என்று ஒரு கட்டம் விட்டிருந்தேன். நிரப்ப ஒன்றுமில்லாத கட்டம் என்று எதையும் என்னால் விட முடியவில்லை. போர் தானாக வந்துவிடவில்லை, மனிதர்கள் நாள்தோறும் எடுத்த முடிவுகளின் வழியாக வந்தது என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆதாரங்களை வாசிக்கும் பயிற்சியிலும் இதேபோல் ஒருமுறை தடுமாறினேன். பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸின் பாஸ்டில் சிறை மக்களிடம் வீழ்ந்த 1789 ஜூலை 14 அன்று பிரான்சின் பதினாறாம் லூயி மன்னர் தம் குறிப்பேட்டில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்ததைக் காட்டியதும், மன்னருக்கு மக்களைப் பற்றிய கவலையே இல்லை என்று முதல் ஆளாகச் சொன்னேன். “அவர் அந்தக் குறிப்பேட்டை எதற்காக வைத்திருந்தார்?” என்று ஆசிரியர் கேட்டார். அது பெரும்பாலும் வேட்டைக் கணக்கு. அன்று வேட்டை இல்லை, அவ்வளவுதான். மன்னரின் அக்கறையைப் பற்றி அந்த ஒரு சொல்லை வைத்து எதையும் நிறுவ முடியாது.

வரலாறு என்றால் தேதிகளை நெட்டுருப் போடுவது என்று அலுத்துக்கொள்பவர்களின் சலிப்பு எனக்குப் புரிகிறது. நானும் அப்படிப் படித்தவன்தான். ஆனாலும் தேதிகளே வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது. ஜூன் 28, ஜூலை 28 என்ற இரண்டும் தெரியாமல் இருந்திருந்தால் ஆசிரியரால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது. எது முன்னே, எது பின்னே, இடையில் எவ்வளவு காலம் என்று தெரிந்த பிறகுதான் ‘ஏன்’ என்று கேட்க இடம் கிடைக்கிறது.

இறுதித் தேர்வில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய வினாவுக்கு விடை எழுதும்போது, அரசின் கடன்சுமை, 1788இல் பொய்த்த விளைச்சல், ரொட்டி விலையேற்றம் என்று எழுதிக்கொண்டே வந்து, ‘அதனால்’ என்று தொடங்கியதும் கை நின்றுவிட்டது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 1789 மே மாதம் கூடிய, மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று பிரிவினரின் பேரவையில் வாக்களிக்கும் முறை குறித்து எழுந்த தகராறிலிருந்து அடுத்த பத்தியைத் தொடங்கினேன்.