பேட்டரி சென்சரோட கரண்டை அளக்க ஐஎன்ஏ219 சிப் போதுமா?

மேல்மலை:
"பேட்டரி சர்க்யூட்டா? ஐஎன்ஏ219 மொடியூலை வைங்க. அது இழுக்கிற கரண்ட் ஒரு பொருட்டே இல்ல." தேயிலை மலையில நடுற மண் ஈர சென்சருக்கு வழி கேட்ட தம்பிக்கு ஊவாக்காத்து சொன்ன பதில் இது. தப்பு. அந்த சென்சர் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை 1 செக்கன் 120 மில்லிஆம்பியர்ல லோரா ரேடியோ வழியா தகவல் அனுப்புது, மத்த நேரம் 15 மைக்ரோஆம்பியர்ல தூங்குது. சராசரி 0.15 மில்லிஆம்பியர். ஐஎன்ஏ219 மட்டும் 0.7 மில்லிஆம்பியர். அளக்கிறது, அளக்கப்படுறதை விட நாலரை மடங்கு குடிக்குது. நாளைக்கு 16.8 மில்லிஆம்பியர்-மணி. 2600 மில்லிஆம்பியர்-மணி செல்லை 5 மாசத்துல அதுவே காலி பண்ணிடும்.

ஊவாக்காத்து:
டேட்டாஷீட்டை முழுசா படிங்க. பவர்-டவுன்ல, அதாவது சிப்பைத் தூங்க வச்சா, 6 மைக்ரோஆம்பியர்தான். அனுப்புறப்ப மட்டும் எழுப்பி அளந்தா போதும். மேல சோலார் பேனலும் இருக்கு.

மேல்மலை:
கரண்ட் கொடுத்த உடனே அது தொடர்ந்து அளக்கிற நிலையிலதான் எழும்பும். சிப்போட ரெஜிஸ்டர்ல (அமைப்பை வைக்கிற இடம்) நீங்க எழுதினாத்தான் தூங்கும். அதை அந்தத் தம்பிக்கு சொன்னீங்களா? இல்ல. 0.7.

பேனலா? தென்மேல் பருவ மழையில மேற்கு மலையில, ஹட்டன், நோர்வூட் பக்கம் வெயிலை எங்க தேடுறது? உங்க ஊவாப் பக்கத்து பண்டாரவளை வெயிலை வச்சு எல்லா மலைக்கும் தீர்ப்பு சொல்லாதீங்க.

ஊவாக்காத்து:
டிசம்பர், ஜனவரியில எங்க பக்கம் கொட்டுற மழை உங்க கண்ணுக்குத் தெரியாது. எப்பவும் இப்படித்தான். போன தடவை டிபி4056 சார்ஜர் விஷயத்துலயும் நான் சொன்னதுக்குத்தான் குறுக்கே வந்தீங்க. சரி, உங்க தெரிவு என்ன?

மேல்மலை:
மேக்ஸ்9938. கரண்டை வோல்ட்டாக் காட்டுற சிப். 1 மைக்ரோஆம்பியருக்கு மேல போகாது. தனி சப்ளை வேண்டாம், அளக்கிற லைன்லயே கரண்ட் எடுத்துக்கும்.

ஊவாக்காத்து:
அதோட ஆஃப்செட் (கரண்டே இல்லாதப்பவும் இருக்கிற பிழை) 500 மைக்ரோவோல்ட் வரை போகும். 0.1 ஓம் ஷண்ட்ல (கரண்ட் அளக்க வழியில வைக்கிற சின்ன ரெசிஸ்டர்) 120 மில்லிஆம்பியர்னா 12 மில்லிவோல்ட். 4 விழுக்காட்டுக்கு மேல பிழை! ஐஎன்ஏ219ல அதிகபட்சமே 100 மைக்ரோவோல்ட், 1 விழுக்காடு கூட வராது.

மேல்மலை:
ஷண்ட்டை 0.5 ஓம் ஆக்குங்க. 60 மில்லிவோல்ட் வரும், பிழை 1 விழுக்காட்டுக்குக் கீழ. பெருக்கம் 25 உள்ளதை வாங்குங்க, 1.5 வோல்ட் கிடைக்கும். 50 எடுத்தா 3 வோல்ட், செல் இறங்கினதும் அவுட்புட் செல் வோல்ட்லயே முட்டி நின்னுடும். அவுட்புட் 10 கிலோஓம், அதனால ஏடிசி (வோல்ட்டை எண்ணா மாத்துற பகுதி) பின்னுல 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டு, அனுப்ப ஆரம்பிச்சு 5 மில்லிசெக்கன் கழிச்சு வாசிங்க. உடனே வாசிச்சா குறைவாக் காட்டும். 0.7ஐ மறந்துடாதீங்க.

ஈயப்பத்து:
ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. ஷண்ட்டோட பேட்லயே (சோல்டர் பண்ற இடம்) இருந்து ரெண்டு சென்ஸ் தடத்தையும் (அளக்கிற தடம்) தனியா எடுக்கணும். கரண்ட் போற தடத்துல 10 மில்லிஓம் உள்ள சேர்ந்தா, 0.1 ஓம்ல 10 விழுக்காடு போச்சு. தூக்கத்து 15 மைக்ரோஆம்பியர் அங்க வெறும் 1.5 மைக்ரோவோல்ட். ஐஎன்ஏ219 காட்டுற மிகச் சின்ன படியே 10 மைக்ரோவோல்ட். உங்க ரெண்டு சிப்புமே அதைப் பார்க்காது.

ஊவாக்காத்து:
தூக்கத்தை அளக்க யார் கேட்டா? 0.5 ஓம்ல 60 மில்லிவோல்ட் வீணாப் போகுது. செல் 3.4 வோல்ட்டுக்கு இறங்கினா 3.3 வோல்ட் ரெகுலேட்டர் தாங்குமா?

மேல்மலை:
60 மில்லிவோல்ட் போறது 15 நிமிஷத்துல 1 செக்கன். 0.7 போறது 24 மணி நேரமும்.

ஊவாக்காத்து:
அந்த 1 செக்கன்லதான் ரீசெட் ஆகும். நான் பவர்-டவுன்னு சொல்லிட்டேன். அது 6 மைக்ரோஆம்பியர்.

மேல்மலை:
முதல் பதிலில் சொல்லலை. அதுல இருக்கிறது 0.7.