பில்லிங் சர்வர் ராத்திரில செத்துப்போகுது, அவசரம்

மண்டிக்காரன்: வணக்கம், எங்க அரிசி மண்டி சர்வர் ஒரு மாசமா வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ ராத்திரில படுத்துடுது, காலைல வந்து பாத்தா கருப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்தா ஏதோ ஓடி நின்னிருக்கு, கீபோர்டுல கேப்ஸ்லாக் லைட் மட்டும் விட்டு விட்டு எரியுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சாயங்காலம் வரைக்கும் ஜம்முனு ஓடுது. ரெண்டு தடவ ஃபார்மட் பண்ணியாச்சு. ஓனர் என் தலைய உருட்டுறாரு.

சுடுதண்ணி: ஹீட்டுதான் ப்ரோ. மண்டின்னா தவிட்டுத் தூசி ஃபேன்ல அப்பியிருக்கும், தெர்மல் பேஸ்ட் மாத்துங்க.

திண்டுக்கல்_பூட்டு: ஹீட்டுன்னா பகல்லதான போகணும்? எந்த ஓஎஸ், ரேம் எவ்ளோ, அந்த எழுத்த போட்டோ எடுத்தீங்களா?

பெருசு: ஓஎஸ் பேரு கூட சொல்லாம கேட்டா இங்க என்ன கிளி ஜோசியமா பாக்குறோம். அந்த லைட்டு மினுக்குனா கர்னல் பேனிக், அதாவது ஓஎஸ்ஸோட மையமே தாங்காம நின்னுடுச்சுன்னு அர்த்தம். லாக் பாக்கத் தெரியாதவங்க எல்லாம் சர்வர் வெச்சா இப்படித்தான்.

மண்டிக்காரன்: சாரிண்ணா. உபுண்டு 22.04, 24 ஜிபி. லாக் 2.10 மணியோட நிக்குது, எர்ரர் எதுவும் இல்ல. போட்டோ மூணு இருக்கு, ஒண்ணுல மைஎஸ்க்யூஎல்னு இருக்கு, ஒண்ணுல டார், ஒண்ணுல கேஸ்வாப்டி.

திண்டுக்கல்_பூட்டு: பேனிக் ஆனப்புறம் டிஸ்க்ல எழுத முடியாது, அதான் லாக்ல இல்ல. ஒரே இடத்துல விழுந்தா டிரைவர சந்தேகப்படலாம், உங்க போட்டோல மாதிரி தடவைக்கு ஒரு ப்ரோக்ராம்ல விழுந்தா மொதல்ல ரேம். 24 எப்படி வந்துச்சு, 8ம் 16மா?

மண்டிக்காரன்: ஆமா, ஸ்லோவா இருக்குன்னு போன மாசம் ஒரு பழைய 16 வாங்கிப் போட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சுடுதண்ணி: 😂😂

திண்டுக்கல்_பூட்டு: 2 மணிக்கு பேக்கப் ஓடுதா? பகல்ல பில்லிங்குக்கு கொஞ்சம் ரேம் போதும், பேக்கப் ஓடுறப்போ படிக்கிற ஃபைல எல்லாம் லினக்ஸ் காலி ரேம்ல கேஷா அடுக்கும், அப்பதான் கெட்டுப்போன இடத்த தொடுதுன்னு நெனக்கிறேன். ரேம டெஸ்ட் பண்ற மெம்டெஸ்ட்86+ ஓட்டுங்க. 22.04 கூட வர்ற பழசு யூஇஎஃப்ஐல (புது போர்டுல இருக்குற பூட் முறை) ஓடாது, 6க்கு மேல உள்ளத பென்டிரைவ்ல போட்டு பூட் பண்ணுங்க. எர்ரர் வந்தா ஒவ்வொரு ஸ்டிக்கா தனியா வெச்சுப் பாருங்க.

பெருசு: ஈசிசி ரேம் இல்லாததெல்லாம் சர்வரே இல்ல. அது ஒரு பிட் மாறுனா தானா திருத்தும், ரெண்டு பிட் மாறுனா சொல்லிடும்.

சுடுதண்ணி: மண்டில மூட்டைக்கு பில்லு போட ஈசிசி போர்டு வாங்கச் சொல்லி ஓனர்ட்ட நீங்களே பேசுங்க சார்.

பெருசு: கணக்குல ஒரு சைபர் தப்பா விழுந்தா அப்ப தெரியும் விலை.

சுடுதண்ணி: பத்து வருஷமா சாதா ரேம்லதான் ஓட்டுறேன், ஒரு சைபரும் விழல.

பெருசு: விழுந்தது உங்களுக்குத் தெரியல.

மண்டிக்காரன்: இருபது நிமிஷத்துல ஸ்கிரீன் முழுக்க சிவப்பு. 16அ கழட்டிட்டேன், ஒம்போது நாளா ஓடுது. நன்றிண்ணா 🙏

திண்டுக்கல்_பூட்டு: சந்தோஷம். ஆனா அந்த ஒரு மாச பேக்கப் எல்லாம் அந்த ரேம் வழியா போனதுதான், ஜிஜிப் -டி (சுருக்குன ஃபைல் கெட்டிருக்கான்னு பாக்குற கமாண்ட்) போட்டு செக் பண்ணுங்க, ஒண்ண ரீஸ்டோரும் பண்ணிப் பாருங்க. டேட்டாபேஸையும் ஒருதடவ செக் பண்ணிடுங்க.

திண்டுக்கல்_பூட்டு: மண்டிக்காரரே, பாத்தீங்களா?